சிஸ்டரின் மனசும் நோயாளியின் உரிமையும்

மும்பை பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையில், புதிதாக நர்சிங் படிக்க வரும் மாணவிகளை ஒரு காலத்தில் 4-ஆம் வார்டுக்கு அழைத்துப் போய் ஒரு நோயாளியை அறிமுகம் செய்துவைப்பார்கள். இவர் நம்மில் ஒருவர், இன்றும் நம்மவர்தான் என்று சொல்லி அறிமுகம் செய்வது அங்கே வழக்கம். அந்த நோயாளியின் பெயர் அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து வந்து அதே மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தவர். 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலை செய்த வார்டு பாய் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி, பாலியல் வன்முறையும் செய்தான். மூளைக்குப் போகும் ஆக்சிஜன் தடைப்பட்டதால் அருணா நினைவை இழந்தார். அப்போது அவருக்கு 25 வயது. 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இடைப்பட்ட 41 ஆண்டுகளில் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் செவிலியர்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற்றுப் போக, அடுத்த தலைமுறை வந்தது. இத்தனை ஆண்டு படுக்கையில் கிடந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகில் ஈரம் நிற்கக்கூடாது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தோல் சிவந்துவிடும். குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். நைட் டூட்டியில் கண் அசந்தாலும் இது நிற்கக்கூடாது. உணவை மசித்து ஊட்டினார்கள். அவர் எழுப்பும் சத்தத்தை வைத்தே மலம் கழிக்கவா, சிறுநீர் கழிக்கவா என்று தெரிந்துகொண்டார்கள். பணி ஓய்வு பெற்ற ஒரு செவிலியர், சம்பளம் வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். படுக்கையைக் காலிசெய்ய மாநகராட்சி முயன்றபோது செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கித் தடுத்தார்கள்.

எந்தப் பணிவிதியும் இவ்வளவு கேட்பதில்லை. இது அவர்களுடைய சொந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. நம்மோடு வேலை பார்த்தவளை நாம் கைவிடக்கூடாது, உயிர் இருக்கும்வரை கவனிப்பு உண்டு என்ற நம்பிக்கை அது. செவிலியர் பணியில் தனிமனித விழுமியங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 41 ஆண்டுகளைத்தான். நம்பிக்கைகளை எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று ஒரு செவிலியரிடம் சொன்னால், இந்தக் கவனிப்பையும் சேர்த்துத்தான் கழற்றச் சொல்கிறோம்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. பத்திரிகையாளர் பிங்கி விரானி, அருணாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர், 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இப்படிக் கிடப்பது கண்ணியமான வாழ்வு அல்ல, உணவு செலுத்துவதை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்பது அவர் மனு. செவிலியர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். சில நிபந்தனைகளோடு, உயர் நீதிமன்ற அனுமதி பெற்று, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவாக வழிகாட்டிய அதே தீர்ப்பு, அருணா விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை விரானிக்கு அல்ல, அவரை இத்தனை ஆண்டு கவனித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அன்று கே.இ.எம். செவிலியர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள்.

இரண்டு தரப்பிலும் அன்பு இருந்தது. அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அவர் எழுதிவைக்கவில்லை. 25 வயதில் யார் எழுதிவைப்பார்கள்? அவர் வாய் திறக்க முடியாத நிலையில், அவருக்காகப் பேசியவர்கள் எல்லோரும் தங்கள் மனசைத்தான் பேசினார்கள். 1973-இலும் இதுதான் நடந்தது. திருமணம் நிச்சயமாகியிருந்த பெண்ணின் மானம் போய்விடும் என்ற எண்ணத்தில், காவல்துறைக்குப் போன புகாரில் பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. கொள்ளைக்கும் தாக்குதலுக்கும் மட்டுமே அந்த வார்டு பாய்க்குத் தண்டனை கிடைத்தது. ஏழு ஆண்டில் வெளியே வந்துவிட்டான். மானம் பற்றிய வேறு யாரோ ஒருவரின் நம்பிக்கைக்கு விலை கொடுத்தது அருணாதான்.

என்னைக் கேட்டால், செவிலியர் அறத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஒரு செவிலியருக்கு நம்பிக்கை இருக்கலாமா, கூடாதா என்று விவாதிப்பதில் பயனில்லை, இருக்கத்தான் செய்யும். அந்த நம்பிக்கையின் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு புரட்டிப் படுக்க வைத்தவர் தன் நம்பிக்கைக்குத் தானே விலை கொடுத்தார். அந்த விலை படுக்கையில் கிடப்பவர் தலையில் விழும்போது, நம்பிக்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

(அருணா விட்டுச்சென்ற கேள்விக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023-இல் நடைமுறையும் எளிதானது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும்.)

நெறிமுறைகூட மாறியிருக்கிறது

விழுமியம் என்பது நமக்கு எது முக்கியம் என்ற எண்ணம். நேர்மை, உயிர், குடும்பம், கற்பு, கீழ்ப்படிதல், பக்தி என்று ஆளுக்கு ஆள் வரிசை மாறும். அதில் பெரும்பகுதி வீட்டிலும் தெருவிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் சேர்ந்தது. நர்சிங் கல்லூரியில் வாங்கியது கொஞ்சம்தான். அறம் என்று தொழிலில் சொல்வது, எல்லோருக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்ட நடத்தை. நோயாளியின் சம்மதம், ரகசியம் காத்தல், பாகுபாடின்மை, தீங்கு செய்யாமை ஆகியவை அதில் அடங்கும்.

இந்தப் பொது நடத்தையும் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. நம் ஊர் நர்சிங் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவில் மாணவிகள் எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியை எழுதியது ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அல்ல. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியர் கண்காணிப்பாளரும் அவருடைய குழுவும் எழுதியது. தூய வாழ்க்கை வாழ்வேன், மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்து நல்ல பெண்ணுக்கு எது அழகு என்று நினைத்தார்களோ, அதுவே நல்ல செவிலியருக்கும் இலக்கணமானது. உலகச் செவிலியர் கூட்டமைப்பு 1953-இல் வெளியிட்ட முதல் நெறிமுறையிலும் மருத்துவர் சொல்வதை விசுவாசத்தோடு நிறைவேற்றும் கடமை இருந்தது. 1973-இல் அதைத் திருத்தியபோதுதான், செவிலியரின் முதல் பொறுப்பு கவனிப்பு தேவைப்படும் மனிதரிடமே என்று ஆனது. விசுவாசம் மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு இடம் மாறியது. இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு செவிலியரின் கதை உதவும்.

யூனிஸ் ரிவர்ஸ்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி என்ற ஏழைப் பகுதி. 1932-இல் அரசின் பொது சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் எனப்படும் சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களும், நோய் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சை தராமல் விட்டால் நோய் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்குக் கெட்ட ரத்தம், அதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றுதான் சொல்லப்பட்டது. 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் உறுதியான மருந்தாகிவிட்டது. அதன் பிறகும் ஆய்வு நிற்கவில்லை. 1972-இல் செய்தி வெளியே வந்த பிறகுதான் நின்றது.

இந்த 40 ஆண்டும் அந்த ஆண்களோடு தொடர்ந்து இருந்தவர் ஒரு கறுப்பினச் செவிலியர், யூனிஸ் ரிவர்ஸ். மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள், ரிவர்ஸ் இருந்தார். தன் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்கு வீடு நலம் விசாரித்தார். யாராவது இறந்தால் அடக்கத்துக்குப் போய் நின்றார். அதே கையோடு, பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் தந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்று குடும்பத்திடம் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். 1958-இல் அவருடைய சேவைக்கு அரசு விருதும் கிடைத்தது.

ரிவர்ஸ் கெட்டவர் அல்ல. இதுதான் இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது. அவர் அந்த மக்களை நேசித்தார். அந்தக் கவுண்டியில் மற்ற ஏழைகளுக்கு மருத்துவரே எட்டாக்கனியாக இருந்தபோது, தன் ஆட்களுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் சூடான சாப்பாடும் கிடைக்கிறதே என்று நிம்மதிப்பட்டார். நோயைக் கண்டறிவதும் மருந்தை முடிவு செய்வதும் மருத்துவர் வேலை, செவிலியர் அதில் தலையிடக்கூடாது என்று பயிற்சியில் கற்றதை முழுமனதாக நம்பினார். கீழ்ப்படிதல், விசுவாசம், தன் இனத்து மக்கள் மேல் பற்று என்று எந்த நற்குணங்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவையே மருந்து மறுக்கப்பட்டவர்களை வரிசையில் நிற்க வைக்க உதவின. அந்த ஆண்கள் அரசை நம்பி வரவில்லை. நர்ஸ் ரிவர்ஸை நம்பி வந்தார்கள்.

தீய எண்ணம் உள்ளவரைக் கண்டுபிடிப்பது எளிது. நல்ல குணம் தவறான இடத்தில் உழைப்பதைக் கண்டுபிடிக்க, கவனிப்பு பெறுகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னால் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்ற ஒரு கேள்வி அங்கே போதுமானதாக இருந்திருக்கும்.

"என்னால் முடியாது" என்று சொல்லலாமா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மேரி டூகன், கான்செப்டா வுட் என்ற இரண்டு கத்தோலிக்கப் பேறுகாலச் செவிலியர்கள் இருந்தார்கள். பிரசவ வார்டில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. கருக்கலைப்பு பாவம் என்பது அவர்கள் நம்பிக்கை. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்று இடம் கொடுக்காதவர்கள் கருக்கலைப்பில் பங்கேற்க வேண்டியதில்லை என்கிறது. தாங்கள் நேரடியாகச் செய்வதில்லை என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அதைச் செய்யும் மற்ற செவிலியர்களுக்கு வேலை பிரித்துத் தருவதும் மேற்பார்வை செய்வதும்கூடப் பங்கேற்பதுதான் என்று வழக்காடினார்கள். இடையில் வெற்றியும் கிடைத்தது. 2014 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தச் சிகிச்சையில் கைபோட்டுச் செய்வதுதான் பங்கேற்பு, வேலை பிரித்துக் கொடுப்பதும் மேற்பார்வையும் அதில் வராது என்றது. மறுக்கிறவர், அந்த நோயாளியை மறுப்பு இல்லாத இன்னொருவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்பதையும் சொன்னது.

எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. உன் கையால் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டோம், ஆனால் உன் மறுப்பு அந்தப் பெண்ணின் வழியை அடைக்கக்கூடாது. மறுப்பின் சுமை மறுக்கிறவரிடமும் நிர்வாகத்திடமும் இருக்க வேண்டும். அதனால் மறுப்பு இருந்தால் அதை வேலையில் சேரும்போதோ டூட்டி பட்டியல் போடும்போதோ சொல்லிவிடுவதுதான் முறை. ரத்தப்போக்கோடு ஒரு பெண் டேபிளில் படுத்திருக்கும்போது சொல்வது முறையல்ல.

நம் நாட்டின் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் இப்படி ஒரு மனச்சான்றுப் பிரிவு கிடையாது. ஆனால் நம் வார்டுகளில் நம்பிக்கை வேறு வழியில் நுழைகிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டுமே போதும் என்பது சட்டம். கணவர் கையெழுத்து தேவையில்லை, மாமியார் அனுமதி தேவையே இல்லை. இருந்தும் "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்ற குரல் எத்தனை இடங்களில் கேட்கிறது! 2021 திருத்தத்தில், திருமணமான பெண், கணவர் என்று இருந்த இடத்தில் பெண், துணை என்ற சொற்கள் வந்துவிட்டன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான விதியில் திருமணமாகாத பெண்ணை ஒதுக்கக்கூடாது என்றது; குடும்பத்தார் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடும் பழக்கத்தையும் கண்டித்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கழுத்தில் தாலி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கண்ணுக்கு இந்தச் சட்டம் எல்லாம் தெரியாமலில்லை. வளர்ந்த விதம் சட்டத்தை முந்திக்கொள்கிறது.

வாயிலிருந்து வரும் ஒரு சொல்

பெரிய வழக்குகளைவிட, நாள்தோறும் வார்டில் வாயிலிருந்து விழும் சொற்களில்தான் நம்பிக்கை அதிகம் வேலை செய்கிறது.

பிரசவ வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்து "அப்போ தெரியலையா?" என்று அதட்டுவது நம் ஊரில் பல பெண்கள் கேட்டு வந்த சொல். வலியைப் பொறுப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. சொல்பவரும் பெண்தான், அவரும் அப்படிப் பொறுத்துத்தான் பெற்றிருப்பார். வலி என்பது அதை அனுபவிப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான், அவர் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று 1968-இலேயே மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்கச் செவிலியர் வரையறுத்தார். அரை நூற்றாண்டு கடந்தும், கத்தினால் நடிப்பு, கத்தாவிட்டால் வலியில்லை என்று எடைபோடும் பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உடன் ஒரு பெண்ணை இருக்க அனுமதித்திருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. அம்மாவோ அக்காவோ தலைமாட்டில் நின்று கையைப் பிடித்திருக்கும்போது, அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வெளியே வராது.

இன்னொன்று, நஞ்சு குடித்து வருபவர்கள். எலி பேஸ்ட், பூச்சி மருந்து, கொங்குப் பக்கம் சாணிப்பவுடர். மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் கழுவும்போது, "சாகணும்னா ஒழுங்கா சாக வேண்டியதுதானே, எங்க உயிரை ஏன் எடுக்கறே?" என்ற திட்டு சேர்ந்தே விழும். தற்கொலை பாவம், கோழைத்தனம், குடும்பத்துக்கு அவமானம் என்று கேட்டு வளர்ந்த மனசு அது. பக்கத்துப் படுக்கையில் பிழைக்கப் போராடும் ஒருவர் இருக்கும்போது எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. குழாய் மூக்கில் இருக்கும் அந்த நேரத்தில் செவிலியர் சொல்லும் ஒரு சொல், அவர் மறுபடி முயல்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது காதில் ஒலிக்கும். "வந்துட்டல்ல, பார்த்துக்கலாம்" என்று சொல்வதற்குத் தற்கொலை பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த நேரத்தில் கருத்தைப் பின்னால் தள்ளினால் போதும்.

எச்.ஐ.வி. வந்த புதிதில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் தொற்றுகள் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா நடத்திய ஆய்வில் தெரியவந்தன. அடுத்த பல ஆண்டுகள் பயமும் ஒழுக்கம் பற்றிய முன்முடிவும் கலந்து நோயாளிகளை ஒதுக்கின. இதில் புத்திமதியைவிட அதிகம் உதவியது ஒரு நடைமுறை. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதி, எல்லோருக்கும் கையுறை, எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை என்று வந்தபோது, இவர் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்கும் வேலையே தேவையில்லாமல் போனது. மனசை மாற்ற ஆண்டுகள் பிடிக்கும். நடைமுறையை மாற்ற ஓர் உத்தரவு போதும். இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதுக்குக் காத்திருக்கலாம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"

நம் ஊர் செவிலியர் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. முதியவருக்குப் புற்றுநோய். ரிப்போர்ட் வந்த உடன் மகன் செவிலியரைத் தனியே கூப்பிட்டு, "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார், அல்சர்னு சொல்லியிருக்கோம்" என்கிறார். இரவு இரண்டு மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனால் அந்தப் பெரியவர் விழித்திருப்பார். "எனக்கு என்னம்மா வந்திருக்கு? நீயாச்சும் சொல்லேன்."

பாடப்புத்தகம் நோயாளிக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்கிறது. அவர் படுத்திருப்பதோ குடும்பமே ஒரு உடம்பாக முடிவெடுக்கும் ஊரில். மகனின் பொய்யிலும் அன்பு இருக்கிறது. செவிலியர் அதே பண்பாட்டில் வளர்ந்தவர். தன் அப்பாவுக்கு இப்படி வந்திருந்தால் தானும் மறைத்திருப்போமோ என்று தோன்றும். நோயை முதன்முதலாக அறிவிப்பது அவர் வேலையும் அல்ல, அது மருத்துவருடையது.

இங்கே எனக்குத் தெரிந்த நல்ல செவிலியர்கள் செய்வது இதுதான். பொய் சொல்வதில்லை. அல்சர்தான் தாத்தா என்று சத்தியம் செய்வதில்லை. உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன தோணுது? என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பலமுறை அவருக்கே தெரிந்திருக்கிறது. பேரனின் கல்யாணத்தை முன்கூட்டி வைக்கலாமா, நிலத்தை எழுதிவைக்கலாமா என்பதுதான் அவர் கவலை. சிலர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. பையன்கிட்ட பேசிக்கோங்க என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் அவர் முடிவு, அதையும் மதிக்க வேண்டும். காலையில் செவிலியர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் நோயாளி கேட்டார் என்று சொல்லி, மகனையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார். குடும்பம் பெரிதா, தனிமனித உரிமை பெரிதா என்று கொள்கையில் முடிவெடுக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் கேட்க வேண்டியவரையே கேட்டாகிவிட்டது. அருணாவிடம் கேட்க முடியவில்லை. இவரிடம் முடியும். முடிகிற இடத்தில் கேட்காமல் விடுவதுதான் தவறு.

இதே வழி நோயாளியின் நம்பிக்கைக்கும் பொருந்தும். கடைசி மூச்சில் இருப்பவர் வாயில் துளசித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று குடும்பம் கெஞ்சும்போது, புரையேறிவிடும் என்று விரட்டுவது ஒரு வழி. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்ற வைப்பது இன்னொரு வழி. செவிலியர் பெரியார் வழி வந்தவராகவோ வேறு மதத்தவராகவோ இருக்கலாம். பஞ்சை எடுத்துக் கொடுப்பதற்கு நம்பிக்கை வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்திசையில் எச்சரிக்கை வேண்டும். தன் கடவுளை நோயாளியிடம் எடுத்துப் பேசுவது, ஆபரேஷனுக்குப் போகும் பயத்தில் இருப்பவரிடம் மதம் பேசுவது, எவ்வளவு கனிவோடு செய்தாலும் எழுந்து போக முடியாத ஒருவரிடம் செய்வதுதான்.

எதிர்த்து நிற்கத் துணை

2017 ஜூலை 26. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு. விபத்தில் கருகி நினைவிழந்த லாரி ஓட்டுநரின் ரத்தத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு போலீஸ் அதிகாரி வந்து நின்றார். பொறுப்பில் இருந்த செவிலியர் அலெக்ஸ் வபெல்ஸ் மறுத்தார். நோயாளி சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்ற ஆணை வேண்டும், அல்லது அவர் கைது செய்யப்பட்டிருக்க வேண்டும், மூன்றும் இல்லை. அதிகாரி அவரை இழுத்துப்போய் விலங்கு மாட்டினார். காட்சி வெளியானதும் அந்த அதிகாரி வேலையிழந்தார், வபெல்ஸுக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

துணிச்சலான பெண்தான். ஆனால் காட்சியைக் கவனித்துப் பார்த்தால் அவர் கையில் ஒரு தாள் இருப்பது தெரியும். மருத்துவமனையும் காவல்துறையும் ஏற்றுக்கொண்ட விதிமுறையின் அச்சுப்பிரதி அது. தொலைபேசியின் மறுமுனையில் அவருடைய மேலதிகாரி இருந்தார். நீங்கள் பெரிய தவறு செய்கிறீர்கள் என்று அந்த அதிகாரியிடமே சொன்னார். அலபாமாவில் யூனிஸ் ரிவர்ஸுக்கு அந்தத் தாளும் இல்லை, அந்தத் தொலைபேசியும் இல்லை. வெள்ளை மருத்துவர்களை எதிர்த்துப் பேசினால் தாங்கிக்கொள்ள யாரும் இல்லாத 1930-களின் கறுப்பினப் பெண் அவர்.

சரியானது எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் செவிலியர் படும் வேதனையை 1984-இலேயே ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதினார். நம் ஊரில் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் என்று இருந்தால், எந்த நல்லெண்ணத்தோடும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க முடியாது. இரண்டாவது ஷிஃப்ட்டைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் பிரசவ வார்டில் அதட்டும்போது, அவர் மனசை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்ததைப் பலர் சம்பளப் போராட்டமாக மட்டுமே பார்த்தோம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், தவறான உத்தரவு போடும் மருத்துவரிடம் "இது சரியில்லை சார்" என்று எப்படிச் சொல்வார்? நிரந்தர வேலை, போதுமான ஆட்கள், வார்டில் ஒட்டிவைத்த தெளிவான விதி, பேசினால் பின்னால் நிற்கும் மேட்ரன் ஆகியவையும் செவிலியர் அறத்தின் பகுதிதான். அவை இருக்கும் வார்டில், கணவர் கையெழுத்தைக் கேட்கச் சொல்லும் மருத்துவரிடம், சட்டப்படி தேவையில்லை சார் என்று ஒரு ஜூனியர் ஸ்டாஃப் நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போக முடியும்.